ஸ்கேலைக் கடைசியில் கொடுங்கள்: வீட்டிலேயே குழந்தைக்கு அளவைகள் பழக்க ஒரு வழிகாட்டி

இரண்டாம் வகுப்புத் தேர்வில் என் மகள் பென்சிலின் நீளத்தை 12 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாள். சரியான விடை 11. வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலைக் கையில் கொடுத்து, "எப்படி அளந்தே, காட்டு" என்றேன். பென்சிலின் அடியை 1 என்ற எண்ணுக்கு நேராக வைத்தாள். "ஒண்ணுலேர்ந்துதானேம்மா எண்ணணும்?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். எதை எண்ணினாலும் ஒன்றிலிருந்து தொடங்கு என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். எண்ணுவதற்கும் அளப்பதற்கும் என்ன வேறுபாடு என்பதை மட்டும் காட்டாமல் விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் செய்ததும் தவறுதான். ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு 'அளவைப் பெட்டி' வாங்கினேன். தினமும் இரண்டு பக்கம் பயிற்சித்தாள் கொடுத்தேன். "1 மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்" என்று ஒப்பிக்க வைத்தேன். மூன்று வாரத்தில் கணக்கு நோட்டைக் கண்டாலே அழ ஆரம்பித்தாள். கோடை விடுமுறையில் மதுரைப் பக்கம் எங்கள் அம்மா வீட்டுக்குப் போனபோதுதான் வழி பிடிபட்டது. அங்கே கற்றதையும் திரும்பி வந்து பத்து வாரம் செய்ததையும் வரிசையாக எழுதுகிறேன். நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

1. தொடங்கும் முன்: பொருள், செலவு, நேரம்

இரண்டு தாள்களை முதலில் தேடி எடுத்து வையுங்கள். ஒன்று, குழந்தை பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள் அல்லது தாய்-சேய் நல அட்டை. பிறந்த எடை அதில் இருக்கும். மாதாமாதம் அங்கன்வாடியிலோ மருத்துவமனையிலோ எடை குறித்திருந்தால் இன்னும் நல்லது. இது ஏன் என்பது ஆறாவது படியில் வரும். இரண்டாவது, பள்ளிப் புத்தகத்தில் அளவைகள் பாடம் எந்தப் பருவத்தில் வருகிறது என்ற குறிப்பு. அந்தப் பாடத்துக்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் தொடங்கிவிட்டால் பதற்றம் இருக்காது.

வாங்க வேண்டியவை மிகக் குறைவு. தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் ஒன்று, 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று, கோடு போடாத நோட்டு ஒன்று. மூன்றும் சேர்த்து எனக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. நான் வாங்கியது 450 ரூபாய். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது: டம்ளர், சொம்பு, பழைய தண்ணீர் பாட்டில், ஹேங்கர், கொட்டாங்குச்சி.

டிஜிட்டல் தராசு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. சிலவற்றில் சட்டைப் பொத்தான் போன்ற சிறிய பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. பென்சில் பேட்டரி போடும் தராசாகப் பாருங்கள். பொத்தான் பேட்டரி என்றால் மூடி திருகாணியால் முடுக்கியிருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால், கீழே வரும் நாணய விளையாட்டுகளை அது தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். வாரத்தில் நான்கு நாள். அதற்கு மேல் இழுத்தால் விளையாட்டு பாடமாகிவிடும்.

2. முதல் இரண்டு வாரம்: எண்ணே வேண்டாம்

முதலில் ஒப்பிடுவது மட்டும்தான். எது நீளம், எது குட்டை, எது கனம், எதில் அதிகம் பிடிக்கும். எண் வாயில் வரவே கூடாது.

துவைத்த துணியை மடிக்கும்போது அப்பா சட்டையின் கையையும் அவள் சட்டையின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். முருங்கைக்காய் வாங்கினால் நெட்டையிலிருந்து குட்டை வரை அடுக்கச் சொல்லுங்கள். இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. குழந்தை முருங்கைக்காய்களின் மேல்முனையை மட்டும் பார்க்கும். அடிமுனை ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காது. சுவரோரமாக அல்லது தாம்பாளத்தின் விளிம்பில் முட்டவைத்து அடுக்கினால், "எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பணும்" என்பது தானாகப் பதியும். பின்னால் ஸ்கேலில் சுழியத்தைப் பிடிக்க உதவப்போவது இந்தப் பழக்கம்தான். அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

அடுத்தது, பக்கத்தில் வைக்க முடியாத இரண்டு பொருள்களை ஒப்பிடுவது. கட்டில் நீளமா, வாசற்கதவு உயரமா? கட்டிலைத் தூக்கிக் கதவருகே கொண்டுபோக முடியாது. "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எனக்கு இந்தச் சும்மா இருப்பதுதான் கடினமாக இருந்தது. என் மகள் நான்கு நாள் கழித்து, பூ கட்டும் நூலை எடுத்துக் கட்டிலுக்கு நேராகப் பிடித்து, அதே நூலைக் கதவில் வைத்துப் பார்த்தாள். அந்த நூலை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

3. மூன்றாம் வாரம்: சாணும் முழமும்

இப்போது எண் வரலாம். ஆனால் சென்டிமீட்டர் வேண்டாம், குழந்தையின் உடம்பே அளவுகோல். கட்டை விரலிலிருந்து சுண்டுவிரல் வரை விரித்தால் சாண். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை முழம். இரண்டு சாண் ஒரு முழம் என்பது பழைய கணக்கு. அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அவளே தன் கையில் போட்டுப் பார்க்கட்டும். ஏறக்குறைய வரும். வந்ததும் அவள் முகத்தைப் பாருங்கள்.

மேசை எத்தனை சாண், திண்ணை எத்தனை முழம், வாசலிலிருந்து அடுப்படி எத்தனை அடி என்று அளந்து நோட்டில் எழுதட்டும். அளக்கும் முன் ஒவ்வொரு முறையும் "எவ்வளவு வரும்னு நினைக்கிறே?" என்று கேட்டு அதையும் எழுத வையுங்கள். தவறினால் பரவாயில்லை. பத்து வாரத்தில் அந்த உத்தேசம் எவ்வளவு நெருங்கி வந்தது என்பதை நோட்டே காட்டும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. சாண் போடும்போது நடுவில் இடைவெளி விடுவார்கள், அல்லது போன சாணின் மேலேயே அடுத்த சாணை வைப்பார்கள். சுண்டுவிரல் நின்ற இடத்தில் ஒரு புளியங்கொட்டை வைத்துவிட்டு அங்கிருந்து தொடரச் சொன்னால் சரியாகும். இன்னொன்று, மேசை முடிவில் அரைச் சாண் மிச்சமானால் என்ன செய்வது என்று திகைப்பார்கள். "நாலு சாணும் கொஞ்சமும்" என்று எழுதினால் போதும். 'கொஞ்சம்' என்ற சொல்தான் பின்னால் சின்ன அலகு எதற்கு என்பதைப் புரியவைக்கும்.

வாரக் கடைசியில் பூக்காரம்மாவிடம் கூட்டிப்போங்கள். இரண்டு முழம் மல்லி வாங்கி, வீட்டில் வந்து குழந்தையின் கையால் அளக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு மூன்று முழத்துக்கு மேல் வந்தது. "அந்தம்மா நமக்கு அதிகமா குடுத்துட்டாங்க!" என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள். அப்பாவை அளக்கச் சொன்னால் இரண்டுக்குக் குறைந்தது. ஒரே பூச்சரம், மூன்று எண். யாருடைய முழம் சரி? இந்தக் கேள்வி குழந்தையின் வாயிலிருந்தே வர வேண்டும். வந்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு ஏன் வேண்டும் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம். பெரிய கைக்குக் குறைந்த எண், சிறிய கைக்குக் கூடிய எண் என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள்.

4. நான்கு, ஐந்தாம் வாரம்: படியும் டம்ளரும்

முகத்தல் அளவையை ஸ்கேலுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் எங்கள் அம்மா.

இட்லிக்கு ஊறப்போட அரிசி அளந்துகொண்டிருந்தார். படியில் முகந்து, விரலால் தலை தட்டி, பாத்திரத்தில் சாய்த்துவிட்டு "லாபம்" என்றார். அடுத்ததைச் சாய்த்து "ரெண்டு". பிறகு "மூணு". நெல் அளக்கும் வீடுகளில் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது வழக்கம். என் மகளுக்கு அது புதுசு. "அம்மாச்சி, லாபம்னா ஒண்ணா?" "ஆமாடி கண்ணு." "அப்போ படி கையில இருக்கிறப்பவே ஏன் சொல்லல?" "சாய்ச்சாத்தானே பாத்திரத்துல இருக்கு? அதுவரைக்கும் பாத்திரத்துல ஒண்ணுமில்லையே."

அந்தப் பதில்தான் எங்களுக்குத் திறப்பு. முதல் படி முழுசாக விழுந்த பிறகுதான் ஒன்று. அதற்கு முன் இருப்பது சுழியம். ஸ்கேலில் 1 என்ற கோடு நிற்பதும் முதல் சென்டிமீட்டர் முடிந்த இடத்தில்தான்.

வீட்டில் செய்யக் கூடியவை:

டம்ளரால் சொம்பை நிரப்புவது, சொம்பால் வாளியை நிரப்புவது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள நாளில் ரவை அல்லது அரிசி. ஒவ்வொரு டம்ளருக்கும் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு.

பாட்டி வீட்டில் பழைய ஆழாக்கு, உழக்கு இருந்தால் கேட்டு வாங்கி வாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இரண்டு இரண்டாகப் பெருகி எட்டு ஆழாக்கில் படி நிறையும். பாதி, கால், அரைக்கால் இவற்றைக் கையால் தொட்டு உணர இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். 'ஒரு படி இத்தனை லிட்டர்' என்று மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

லிட்டருக்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. அரை லிட்டர் பால் பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், 20 லிட்டர் கேன். காலி பாட்டிலில் இரண்டு பால் பாக்கெட் அளவு தண்ணீர் ஊற்றினால் சரியாக நிற்கும் இடத்தில் குழந்தையே கோடு போடட்டும். கேன் நிறைய எத்தனை பாட்டில் வேண்டும் என்று உத்தேசம் கேளுங்கள்.

பொறிகள்: கோபுரமாக முகந்த டம்ளரும் தலை தட்டிய டம்ளரும் ஒன்றல்ல. இதை இட்லி மாவிலேயே காட்டலாம். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்ற கணக்கில் உளுந்தை மட்டும் கோபுரமாகப் போட்டால் மாவின் பக்குவமே மாறிவிடும்.

இன்னொன்று முக்கியமானது. குட்டையான அகலக் கிண்ணத்திலிருந்து அதே தண்ணீரை ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றினால், ஐந்து வயதுக் குழந்தை "இப்ப நிறைய ஆயிடுச்சு" என்று சொல்லும். இதை மழுங்கல் என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதையே சோதித்துக் காட்டியிருக்கிறார். ஏறத்தாழ ஏழு வயதையொட்டித்தான் அளவு மாறவில்லை என்பது பிள்ளைகளுக்கு உறுதிப்படுகிறது. திரும்பத் திரும்ப ஊற்றி விளையாட விடுங்கள். வாதாட வேண்டாம்.

5. ஆறாம் வாரம்: இப்போது ஸ்கேல்

ஸ்கேலைக் கையில் கொடுக்கும் முன், குழந்தையே ஒரு ஸ்கேல் செய்யட்டும். ஒரு அட்டைத் துண்டு. அதன் விளிம்பிலிருந்து ஒரே அளவுள்ள தீக்குச்சிகளை இடைவெளியில்லாமல் ஒட்டச் சொல்லுங்கள். மருந்து நீக்கிய குச்சிகள், பத்து போதும். ஒவ்வொரு குச்சி முடியும் இடத்திலும் 1, 2, 3 என்று எழுதட்டும். தொடங்கும் இடத்தில் என்ன எழுதுவது? "அம்மாச்சி சொன்ன மாதிரி, இன்னும் ஒண்ணுமில்லை" என்று அவளே 0 போட்டாள்.

பிறகு கடை ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகளை எண்ணக் கூடாது, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள கட்டங்களைத்தான் எண்ண வேண்டும். இதைக் கிரேயானால் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிக் காட்டினேன். ஒன்று விட்டு ஒன்று சிவப்பு, மஞ்சள். இரண்டு நாளில் தெளிந்துவிட்டது.

கருவிகளில் உள்ள சிக்கல்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பள்ளி ஸ்கேல்களில் 0 விளிம்பில் இருக்காது, சற்றுத் தள்ளி உள்ளே இருக்கும். இன்ச் டேப்பில் 0 தகடு தொடங்கும் விளிம்பிலேயே இருக்கும். ஒன்றில் பழகிய பிள்ளை மற்றதில் தவறும், இரண்டையும் காட்டுங்கள். இன்ச் டேப்பின் ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். முதல் மாதம் இன்ச் பக்கத்தைத் தொடவே வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடும். அது பழுதல்ல, கொக்கியின் தடிமனை ஈடுகட்டவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த டேப் சுருளும் வேகத்தில் விரலைக் கிழித்துவிடும், சின்னப் பிள்ளைகள் கையில் வேண்டாம்.

புரிந்துவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை. உடைந்த ஸ்கேல் ஒன்றை எடுங்கள், அல்லது நல்ல ஸ்கேலில் முதல் மூன்று சென்டிமீட்டரைக் காகிதம் சுற்றி மறைத்துவிடுங்கள். அதை வைத்து அழிப்பானை அளக்கச் சொல்லுங்கள். 3-இல் தொடங்கி 7-இல் முடிந்தால் "நாலு" என்று சொல்கிற பிள்ளைக்கு அளப்பது தெரியும். "ஏழு" என்றால் தீக்குச்சி அட்டைக்குத் திரும்புங்கள். கோபப்பட வேண்டாம், நாங்களும் இரண்டு முறை திரும்பினோம்.

6. ஏழு, எட்டாம் வாரம்: நிறுத்தல்

ஒரு பெரிய பை பொரி, ஒரு கிலோ உப்பு பாக்கெட். எது கனம் என்று பார்வையாலேயே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் பொரியைக் காட்டுவார்கள். பிறகு இரண்டையும் கையில் தூக்கிப் பார்க்கட்டும். உருவம் வேறு, எடை வேறு என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

தராசு செய்ய ஒரு ஹேங்கர், ஒரே அளவில் இரண்டு கொட்டாங்குச்சி, நூல். கதவுப் பிடியில் மாட்டுங்கள். எதுவும் போடாமலே ஒரு பக்கம் சாய்ந்தால் மேலே நிற்கும் பக்கத்தில் கொஞ்சம் கோதுமை மாவு உருண்டை ஒட்டி நேராக்குங்கள். இதைச் செய்யாமல் எடை பார்த்தால் எல்லாமே தவறாகும். எடைக்கல்லாக நாணயம் போடலாம், ஆனால் ஒரே வகை நாணயமாக இருக்க வேண்டும். பழைய தடித்த ஐந்து ரூபாயும் பின்னால் வந்த மெல்லிய ஐந்து ரூபாயும் எடையில் ஒன்றல்ல. பத்துப் பழைய காசு என்று குழந்தை கணக்குச் சொல்லும்போது நடுவில் புதியது கலந்திருந்தால் ஏமாற்றமாகிவிடும்.

டிஜிட்டல் தராசு இருந்தால் பாத்திரத்தை வைத்து ஜீரோ செய்வதைக் குழந்தையே செய்யட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 1,000 கிராம் வரும். சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட்டில் பக்கத்திலேயே 910 கிராம் அளவில் எடையும் அச்சிட்டிருப்பார்கள். ஏன் குறைகிறது? தண்ணீரில் எண்ணெய் மிதப்பதைக் காட்டுங்கள், அதற்குமேல் இந்த வயதில் வேண்டாம். ஒரே ஒரு ஏலக்காயை வைத்தால் தராசு 0 என்றே காட்டும். ஏலக்காய்க்கு எடையே இல்லையா? ஒரு கைப்பிடியை மொத்தமாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மளிகைக் கடைக்குப் போனால், இரும்பு எடைக்கல்லைத் திருப்பிக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். ஈயத்தில் முத்திரை குத்தியிருக்கும். "இது சரியான கல்தான்னு அரசாங்கம் பார்த்துக் குத்தினது" என்று எங்கள் கடைக்கார அண்ணன் மகளிடம் சொன்னார். பூக்காரம்மாவின் முழத்துக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

இப்போது அந்த டிஸ்சார்ஜ் தாளை எடுங்கள். என் மகள் பிறந்த எடை 2 கிலோ 700 கிராம். அவளையே அரிசி நிறுக்கச் சொன்னேன். தராசில் எண் ஏற ஏறக் கையை மெதுவாக்கி, கடைசியில் ஒவ்வொரு பிடியாகப் போட்டு 2,700-இல் நிறுத்தினாள். அதை மஞ்சப்பையில் கட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "நான் இவ்வளவுதானாம்மா இருந்தேன்?" என்றாள். பையைக் கீழே வைக்க அரை மணி நேரம் ஆனது. கிலோ என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

7. நேரம்

இதற்குத் தனியாக உட்கார வேண்டாம். அன்றாட வேலையோடு போகட்டும். கண்ணை மூடி ஒரு நிமிடம் முடிந்ததும் கை தூக்கு என்ற விளையாட்டு, குக்கரில் முதல் விசில் வர எத்தனை நிமிடம், தினக்காலண்டர் தாளைக் கிழிப்பது இவை போதும். முள் கடிகாரத்தை ஏழு வயதுக்கு முன் வற்புறுத்தாதீர்கள். டிஜிட்டல் கடிகாரம் எண்ணைக் காட்டும், நேரம் ஓடுவதைக் காட்டாது.

8. கதவு நிலையில் கோடு

பத்தாம் வாரம் தொடங்கி மாதம் ஒரு முறை, பிறந்த தேதியில் உயரம் குறியுங்கள். செருப்பில்லாமல், குதிகால் நிலையோடு ஒட்டி, தலைமேல் தடித்த புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, அதன் அடியில் பென்சில் கோடு. ஒவ்வொரு முறையும் காலையிலேயே அளங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் மாலையில் உயரம் சற்றுக் குறையும், பிள்ளை "குள்ளமாயிட்டேன்" என்று அழும். இன்ச் டேப்பைத் தரையிலிருந்து பிடிப்பது குழந்தையின் வேலை, படிப்பதும் அவள்தான். நீங்கள் கோடு மட்டும் போடுங்கள். வாடகை வீடாக இருந்தால் நிலையில் எழுதாமல் நீளமான அட்டையில் குறித்து ஆணியில் மாட்டுங்கள். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.